நான்காம் சுருள்

படத்துக்கு ஒரு பேர் இருந்திருக்கும்.
முதல் சுருளின் நுனி கிழிந்து போயிருந்ததால்
பேர் ஓடாமலே தொடங்கியது:
குண்டு விழுந்த சுவர், அதன்மேல் காயும் சட்டை,
சட்டைக்குக் கீழே நாலு பையன்கள்.

பாளையங்கோட்டை, பள்ளிக்கூட அரங்கு.
எண்பத்திரண்டு, ஐப்பசி மழை.
ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் இருபது பேர்,
மடக்கு நாற்காலி அறுபது.
கூட்டமாகத் தெரியட்டும் என்று
வாசலில் நனைந்த எங்களையும் உள்ளே விட்டார்
தேவசகாயம் சார்.
நான், மாசானம், தளவாய்.
மூவரும் கொக்கிரகுளத்து ஆற்றோரக் குடிசை.
மைதீன் பிச்சை உள்ளே வரவில்லை.
அவனுக்கு வெளியே வேலை இருந்தது.

இத்தாலி, ரோம், போர் முடிந்த மறுவருடம்
என்று தட்டச்சுத் தாளைப் பார்த்து வாசித்தார் சார்.
தாளில் அவ்வளவுதான் இருந்தது.
பிறகு அவர்கள் பேசினார்கள், பேசினார்கள்,
தண்ணி லாரிக்கு முன்னால் பேசுவது மாதிரி.
ஒரு வார்த்தை விளங்கவில்லை.
விளங்காமல் எதுவும் விட்டுப்போகவும் இல்லை.

தகரக் கூரை. ஒழுகும் இடத்தில் ஒரு போணி.
ஒரு அம்மா ரொட்டியை அறுக்கிறாள்.
தான் தின்றாயிற்று என்று
வெறும் வாயை மென்று காட்டுகிறாள்.
தளவாய் எழுந்து ஒன்றுக்கு இருக்கப் போனான்.
ரொம்ப நேரம் கழித்து வந்தான்.

இரண்டாம் சுருளில் அந்த நாலு பேரும்
ராணுவக் கொட்டகையில் வயர் அறுத்தார்கள்.
ஒருவன் பல்லால் தோலை உரித்தான்.
'ஏல, அதப் போயி உரிச்சிக்கிட்டு இருக்கான்,
எரிச்சாத்தாம்ல செம்பு வரும்!'
மாசானம் சத்தமாகவே சொன்னான்.
முன்வரிசைக் கண்ணாடி ஒன்று திரும்பி
உஷ் என்றது.
படத்துப் பயல்களுக்கும் அது பிறகு பிடிபட்டு
ஆற்றங்கரையில் வைத்துக் கொளுத்தினார்கள்.
தீ வெள்ளையாக எரிந்தது.
அது தப்பு என்று
அந்த அரங்கில் எங்கள் மூவருக்குத்தான் தெரியும்.

நான்காம் சுருள்.
ராத்திரி. ஒரு பாலம்.
காது பெரிய சின்னவன் மேலே ஏறிவிட்டான்.
கீழே வந்து நிற்கிறார்கள் இரண்டு போலீஸ்,
சும்மா, சிகரெட் பற்ற வைக்க.
அவன் குனிந்து பார்க்கிறான்.
கரண்ட் போய்விட்டது.

'இப்ப வந்திரும், இப்ப வந்திரும்' என்றார் சார்.
ஜன்னலுக்கு வெளியே
தெருவிளக்கு எல்லாம் எரிந்துகொண்டிருந்தது.
இருட்டில் தளவாய் என் தொடையைக் கிள்ளினான்.

படம் முடிஞ்ச பொறவு என்றுதான் பேச்சு.
மழையில் நிற்க மாட்டாமல்
பீஸ் கட்டையைப் பிடுங்கிப் போட்டு
பின்சுவரோரம் அரங்கின் சர்வீஸ் வயரை
அறுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தான் பிச்சை.

பாலத்தடியில் நனையாத மணல் கொஞ்சம் இருந்தது.
எரித்தோம்.
பச்சை. பச்சை. ஓரத்தில் நீலம்.
ரெண்டு கிலோ முந்நூறு.
'படம் எப்படில?' என்றான் பிச்சை
கிழிந்த உள்ளங்கையைச் சப்பிக்கொண்டு.
சொன்னோம், ஒன்றுவிடாமல்.
'அந்தச் சின்னப் பய எறங்குனானா?'
'நீதாம்ல அவன அங்கனயே நிறுத்திட்ட.'
சிரித்தோம். புரை ஏறும்வரை சிரித்தோம்.
பிச்சை சிரிக்கவில்லை.

தூதரகத்துப் பிரிண்ட் மறுநாள் ரயிலேறிப் போயிற்று.
பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன்.
நாலு பையன்கள், பாலம், பெரிய காது.
பட்டியல்களில் இல்லை,
தெரிந்தவர்களுக்கும் தெரியவில்லை.
தேவசகாயம் சாருக்கு நினைவிருந்தது
வயருக்குத் தான் கட்டிய பணம் மட்டும்.

மாசானம் பம்பாய் போனான், கடிதாசி இல்லை.
தளவாயைப் பற்றி எழுத வேண்டாம்.
பிச்சைக்கு மேலப்பாளையத்தில் ஆக்கர் கடை,
செம்பு வாங்குவதில்லை.
கம்பம் ஏறும் வேலை எனக்கு,
மின்வாரியத்தில், முப்பது வருடமாக.

மழைக்கால ராத்திரிகளில்
பெல்ட்டை மாட்டிக்கொண்டு மேலே நிற்கும்போது
யோசிப்பேன்:
அந்தப் பாலத்து லைன் எத்தனை வோல்ட்,
யாராவது ஆஃப் பண்ணியிருப்பார்களா,
சின்னவன் கையில் துணியாவது சுற்றியிருந்தானா.
கையைக் காட்டினார்களா என்பதே
நினைவில்லை.
காதுதான் தெரிகிறது,
குளிரில் விறைத்த பெரிய காது.